கம்பளிக்கும் கண்ணாடிக்கும் நடுவில்

லெங் இழுத்த வேகத்தில் கம்பளியோடு ஜன்னலுக்கு மேலே அடித்திருந்த ஆணிகளும் பிய்ந்து வந்தன. புலிப்படம் போட்ட கனமான கம்பளி. அது தரையில் விழுந்ததும் பின்னாலிருந்த பெஞ்சு தெரிந்தது. பெஞ்சின் மேல் பதினோரு ஐஸ்கிரீம் வாளிகள். நேற்று சாயங்காலம் வரை அவற்றில் பச்சைப் பசேலென்று மூலிகைகள் நின்றன. இப்போது ஒவ்வொன்றும் வெந்நீரில் முக்கி எடுத்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கியது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் விரல் கனத்துக்கு உறைபனி.

ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தான். கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. அடுத்த வாளியிலும் அதே கதி. எலுமிச்சம்புல் போச்சு, சிவப்புத் தண்டுக்கீரை போச்சு, வசம்புக்குத் தம்பி மாதிரி இருக்கும் அந்தக் குட்டைப்புல்லும் போச்சு. மணி காலை ஏழரை. வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மதியம் இரண்டு மணிக்குப் பஹுவா கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பப்போகிறாள்; இவன்தான் போய்க் கூட்டிவர வேண்டும்.

குழந்தை நேற்று விடியற்காலையில்தான் பிறந்தது. ஆண் குழந்தை, ஏழு பவுண்டு, நல்ல குரல். லாவோஸ் மலைகளிலிருந்து வந்த ஹ்மாங் மக்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள் பத்தியம். பச்சை மூலிகைகளோடு வேகவைத்த இளங்கோழிச் சாறு, சுடுசோறு, வெந்நீர். இவை தவிர வாயில் வேறொன்றும் படக்கூடாது. குளிர்காற்று உடம்பில் படவே கூடாது. சமைத்துப் போடுவது புருஷன் வேலை. லெங் அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தான். ஃப்ரீசரில் முப்பது கோழி அடுக்கியிருந்தான். செப்டம்பரில் தோட்டத்துச் செடிகளைத் தோண்டி வாளிகளில் நட்டு உள்ளே கொண்டுவந்தவள் பஹுவா. எட்டாம் மாதம் குனிய முடியாமல் போனதும் பொறுப்பை இவனிடம் கொடுத்தாள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவதும், இலைக்கு அடியில் பேன் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதும், விளக்கைப் போட்டு அணைப்பதுமாக ஒரு குறையும் வைக்காமல்தான் பார்த்துக்கொண்டான்.

நேற்று மாலைதான் புத்தி கெட்டது. பச்சை உடம்புக்காரி வரப்போகிறாளே, ஒரு பொட்டுக் காற்று உள்ளே வரக்கூடாதே என்று வீட்டிலிருந்த கம்பளியை எல்லாம் எடுத்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் திரை அடித்தான். செடி விளக்கின் கம்பி குறுக்கே நின்றது. ஒரு ராத்திரிதானே என்று அதையும் கழற்றி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்காலியில் படுத்துக்கொண்டான். கம்பளிக்கு இந்தப் பக்கம் வீடு அடுப்பங்கரை மாதிரிச் சுட்டது. அந்தப் பக்கம், கம்பளிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், செடிகள் விடிய விடிய உறைந்து செத்தன. இத்தனைக்கும் அவன் வேலை என்ன தெரியுமா? வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ரிப்பேர். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்தில் வீடு வீடாகப் போய், "திரைய முழுசா மூடாதீங்க, சூடு இந்தப் பக்கமே நின்னுடும்" என்று புத்தி சொல்கிறவன். ஊருக்குத்தான் உபதேசம்.

கைபேசி அடித்தது. கம்பெனி. இந்தக் குளிரில் பாதி ஊருக்கு ஃபர்னஸ் நின்றிருக்கும். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. இந்தமுறை பஹுவா.

"வீட்டுக்குப் போயிட்டியா?"

"வந்துட்டேன்."

"செடிக்குத் தண்ணி ஊத்தினியா? சில்லுனு ஊத்திடாத, வேர் பயந்துக்கும்."

"ஊத்திட்டேன்."

"குட்டைப்புல்ல அடியோட பிடுங்காத. மேலாக்க வெட்டு. முப்பது நாளைக்கு வரணும்."

"வரும், வரும்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"குளிரு. வேற என்ன."

அவள் சிரித்தாள். "இந்தத் தடவ நான் மகாராணி மாதிரி படுத்துக்கப் போறேன். முப்பது நாள். ஒரு நாள் கொறஞ்சாலும் உன்ன விடமாட்டேன்."

வைத்துவிட்டாள். அவன் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாலு தடவை நடந்தான். முப்பது நாள் என்று அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் கஷியா பிறந்தபோது பஹுவா படுத்தது பன்னிரண்டே நாள். பதின்மூன்றாம் நாள் பேக்கிங் ஆலையின் குளிர் அறைக்கு வேலைக்குப் போனாள். 'வேலை போயிட்டா திரும்பக் கிடைக்காது, போயிட்டு வா' என்று காரில் கொண்டுபோய் விட்டவன் இவன்தான். அந்த வருஷத்திலிருந்து பனிக்காலம் வந்தால் அவளுக்கு மணிக்கட்டு வீங்கும். பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. டாக்டர் வேறேதோ பெயர் சொன்னார். பஹுவா அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும். இரண்டாவது உண்டானதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. "இந்தத் தடவ முப்பது நாள் முழுசா குடு" என்றாள். கொடுக்கிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினான்.

ஹ்மாங் சந்தையில் பாதிக் கடைகள் மூடியிருந்தன. மூலிகைக்காரி மட்டும் காலடியில் ஹீட்டரை வைத்துக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். இவன் வந்த வேகத்தைப் பார்த்தே சிரித்தாள்.

"என்ன தம்பி, பொண்டாட்டி பெத்துட்டாளா?"

"நேத்து. பையன். அத்தை, கோழி மூலிகை பச்சையா வேணும். எல்லா வகையும்."

"பச்சையா? இந்தக் குளிர்லயா? லாரியிலேர்ந்து கடைக்குள்ள வர்றதுக்குள்ள கருகிடுது. ஐஸ்ல வெச்சது நாலு பாக்கெட் இருக்கு, அதுவும் ரெண்டே வகை. எலுமிச்சம்புல் வேணா தரேன்."

"ஐஸ் வேணாம். அவ மோந்து பாத்தே கண்டுபிடிச்சுடுவா."

"வீட்ல வளக்கலையா நீங்க?"

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் சூப்பைக் கீழே வைத்துவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கம்பளியால செடியக் கொன்னவன இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள். "சரி, நீ பாவ் ஷோங்கோட தம்பிதானே? உங்க அண்ணி மாய்நூகிட்ட போகாம இங்க ஏன் வந்து நிக்கற? அவ வீட்டுக் கீழ்த்தளத்துல காடே இருக்கு. நானும் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன், ஒரு தழை விக்க மாட்டேங்கறா. யாருக்கும் சும்மாவும் குடுக்கறதில்ல. வெச்சுக்கிட்டு என்னதான் பண்றாளோ."

லெங் எலுமிச்சம்புல்லை வாங்கிக்கொண்டான். அண்ணி வீடு அவனுக்குக் காலையிலேயே ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் தெரு வராதபடி சுற்றிக்கொண்டுதான் சந்தைக்கே வந்தான்.

காரில் உட்கார்ந்து நாலு பேருக்குப் போன் போட்டான். ஒருத்தியிடம் புதினாவும் கொத்தமல்லியும் இருந்தன. ஒருத்தியின் செடிகளைப் பூனை தின்றுவிட்டது. இன்னொருத்தியின் மருமகளுக்கே அடுத்த வாரம் பிரசவம். நாலாவது ஆள் போனை எடுக்கவில்லை. மணி பத்தேகால். கார் தானாகவே திரும்பியது போல அண்ணி வீட்டுத் தெருவுக்குள் போய் நின்றது. இறங்க மனசு வரவில்லை. எஞ்சினை அணைத்தான், குளிர் ஏறியது, மறுபடி போட்டான். வீட்டுச் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

கஷியா பிறந்த அந்தப் பன்னிரண்டாம் நாள் மாய்நூ அண்ணி கையில் ஒரு கட்டு மூலிகையோடு வாசலில் வந்து நின்றாள். மறுநாள் பஹுவா வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

"பச்சை உடம்போட அவளக் குளிர் அறைக்கு அனுப்பறியே, உனக்கு மூளை இருக்கா?" என்றாள்.

தூக்கமில்லாத எரிச்சல், வேலை பயம், எல்லாம் சேர்ந்து இவன் வாயில் வந்தது இதுதான்: "பிள்ளை பெத்தவங்க வந்து சொல்லட்டும் அண்ணி. உங்களுக்கு இதுல என்ன தெரியும்?"

அண்ணிக்கு அப்போது கல்யாணமாகிப் பதினாறு வருஷம். குழந்தை இல்லை. அவள் அந்த மூலிகைக் கட்டை வாசலிலிருந்த செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றோடு சரி. அண்ணனோடு பேச்சு உண்டு. பஹுவாவோடு அண்ணி சிரித்துப் பேசுவாள். இவன் பக்கம் மட்டும் ஐந்து புத்தாண்டுகளாகத் திரும்பியதில்லை. கொட்டின வார்த்தையை அள்ள முடியுமா?

கதவைத் தட்டினான். அண்ணிதான் திறந்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"உங்க அண்ணன் வேலைக்குப் போயிட்டாரு" என்றாள்.

"உங்களப் பாக்கத்தான் அண்ணி வந்தேன்."

"குளிரு உள்ள வருது. வர்றதுன்னா வா."

உள்ளே போய் நின்றான். உட்காரச் சொல்லவில்லை, இவனும் உட்காரவில்லை. செத்துப்போன செடிகளையும் கம்பளியையும் இரண்டு மணியையும் தலைகால் இல்லாமல் சொல்லி முடித்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"சாவியக் கீழ வை. சத்தம் தலைய வலிக்குது."

வைத்தான்.

"பஹுவாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"முதல்ல போன் போடு."

போட்டான். உண்மையைச் சொன்னான். அந்தப் பக்கம் குழந்தை முனகியது. பிறகு பஹுவா, "எல்லாமேவா?" என்றாள். "எல்லாமே" என்றான். "இப்ப எங்க இருக்க?" என்றாள். சொன்னான்.

"அண்ணிகிட்ட குடு."

மாய்நூ போனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். லெங் அங்கேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். என்ன பேசினார்களோ, ஒரு தடவை அண்ணியின் சிரிப்பு மட்டும் கேட்டது. திரும்பி வந்தவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கீழ்த்தளப் படியில் இறங்கினாள். அவன் பின்னாலேயே போனான்.

காடு என்று மூலிகைக்காரி சொன்னது பொய்யில்லை. சுவரோடு சுவராக மூன்று அடுக்குப் பலகைகள். ஒவ்வொரு பலகைக்கும் மேலே நீள விளக்கு. வாளிகள், மீன் பெட்டிகள், அடி ஓட்டை போட்ட பழைய சோற்றுக் குண்டான்கள். மண் ஈரமும் எலுமிச்சம்புல் வாசனையும் மூக்கில் ஏறின. லெங் முதலில் மலைத்துப்போய்ப் பார்த்தான். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. கொத்தமல்லி இல்லை. புதினா இல்லை. மிளகாய் இல்லை. எல்லா வீட்டுப் பெண்களும் குளிர்காலத்தில் வளர்க்கிற எதுவுமே அங்கே இல்லை. இருந்தது முழுக்கக் கோழி மூலிகை. பன்னிரண்டு வகை, ஒன்று குறையாமல். பிள்ளை பெற்ற ஒருத்திக்கு முப்பது நாளைக்கு வேண்டியதும் அதற்கு மேலும் இருந்தது.

"யாருக்கு அண்ணி இவ்வளவும்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் குனிந்து வெட்டிக்கொண்டே பேசினாள். "கல்யாணமாகி வந்தப்ப எங்கம்மா ஆறு வேர் ஈரத்துணியில கட்டிக் குடுத்தாங்க. மீதிய நான் தேடித் தேடிச் சேத்தேன். முதல் பனி விழறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் உள்ள எடுத்துடுவேன். ஒருவேள குளிர்காலத்துல பொறந்துட்டா? செடிக்காக ஊர்ல கையேந்தக் கூடாதில்ல. இந்த வருஷம்னு நெனைப்பேன். அப்புறம் அடுத்த வருஷம்னு நெனைப்பேன். இருபத்தோரு குளிர்காலம் ஆச்சு."

தழைகளைச் செய்தித்தாளில் அடுக்கினாள்.

"நாப்பது தாண்டினப்ப எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம்னுதான் பாத்தேன். எனக்கு வயசாச்சுன்னு செடிக்குத் தெரியுமா? அது பாட்டுக்குத் துளிர் விடுது. விக்க மனசு வரல. குடுக்கவும் மனசு வரல. ஒரே ஒரு தடவதான் வெட்டி ஒருத்தர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "அந்தக் கட்டு என்னாச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருந்தான்.

"செருப்பு ஸ்டாண்டு மேலயே கிடந்து வாடிப்போச்சு அண்ணி. நான் தொடல."

அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றான். "நீங்க சொன்னதுதான் சரி. அவ கை இப்பவும் வலிக்குது. அஞ்சு வருஷமா உங்ககிட்ட இத சொல்லணும்னு நெனைச்சேன். உங்க முன்னாடி வந்து நிக்க மூஞ்சி இல்ல."

"தேவைன்னதும் மூஞ்சி வந்துடுச்சு பாத்தியா" என்றாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். அவள் இன்னொரு கொத்தை வெட்டினாள். "செடியத் தூக்கிட்டுப் போக விடமாட்டேன். வாசல் தாண்டறதுக்குள்ள செத்துடும். நீயும் மறுபடி கம்பளி போத்துவ. முப்பது நாளும் தெனம் காலையில வந்து என் கண்ணு முன்னாடி வெட்டிக்க."

"வரேன் அண்ணி."

"தெனமும் என் மூஞ்சியப் பாக்கணும். பரவாயில்லயா?"

"பரவாயில்ல."

மணி பதினொன்றே முக்கால். தழைக்கட்டைக் கோட்டுக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தான். அண்ணி விடவில்லை. உன் வீட்டில் ஜன்னல் திரை பிய்ந்து கிடக்கிறது, இந்தப் படபடப்பில் கோழியைக் கருக்கிவிடுவாய், சாற்றை இங்கேயே காய்ச்சி எடுத்துக்கொண்டு போ என்றாள். அண்ணன் நேற்று அறுத்து வாங்கிவந்த இளங்கோழி ஒன்று ஃப்ரிட்ஜில் இருந்தது. லெங் வெட்டினான். அண்ணி பக்கத்தில் நின்று நொட்டை சொன்னாள். துண்டு பெரிசு, தண்ணி பத்தாது, தழையை இப்பவே போட்டா கறுத்துடும், பொறு, கொதிக்கட்டும், உனக்கு எதுக்கெடுத்தாலும் அவசரம். அவன் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். கடைசியில் தழைகளைப் போட்டதும் ஆவியில் வாசனை எழுந்து வீடு முழுக்கப் பரவியது. அண்ணி இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

லெங் கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி நீட்டினான். "உப்பு பாருங்க அண்ணி."

"நீயே பாரு."

"ராத்திரியெல்லாம் தூங்கல. நாக்கு செத்துக் கிடக்கு."

அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் இத சாப்பிட்டதில்ல" என்றாள். "யார் வீட்டுக்குப் போனாலும் வெப்பாங்க. இப்ப ஓட்டல்லகூடப் போடறாங்க. நான் தொட மாட்டேன். எனக்குன்னு வரும்போது சாப்பிட்டுக்கலாம்னு இருந்தேன்."

லெங் கரண்டியைக் கீழே வைத்தான். அலமாரியிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்தான். நெஞ்சுத் துண்டு ஒன்று, தழை, சாறு என்று விளிம்பு வரை ஊற்றி, ஒரு கை சுடுசோறும் வைத்து மேஜை மேல் வைத்தான்.

"முதல் கிண்ணம் பெத்தவளுக்குடா."

"பெத்தவளுக்கு முப்பது நாள் இருக்கு அண்ணி. உக்காருங்க."

மணி ஒன்றேகால். ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். பனியில் அரை மணிகூட ஆகலாம். மாய்நூ உட்கார்ந்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதல் வாய்ச் சாற்றைக் குடித்துக் கண்ணை மூடினாள். பிறகு நிதானமாக, ஒரு தழை விடாமல், எலும்பைக்கூடச் சப்பிச் சாப்பிட்டாள். விடிந்ததிலிருந்து ஓர் இடத்தில் நிற்காதவன் அடுப்போரம் அசையாமல் நின்றான். பையில் போன் அடித்தது. அடித்து ஓயட்டும் என்று விட்டான்.

அவள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தாள். எழுந்து போய்க் கழுவினாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பவில்லை.

"கசக்குது" என்றாள். "இவ்வளவு கசக்கும்னு ஒருத்தியும் எனக்குச் சொன்னதே இல்ல."